வட்டார வர்த்தக ஒப்பந்தம் வந்தால் மாநில உரிமை போய்விடுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

உசிலம்பட்டி கறவை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். நாலு கறவை மாடு, கொஞ்சம் மானாவாரி நிலம், அம்மாவும் நானும்தான் பார்த்துக்கொள்கிறோம். காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறோம், வீட்டுச் செலவு அதில்தான் ஓடுகிறது.

போன வாரம் ஒரு காதுகுத்து விசேஷத்தில், பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தபோது, என் மச்சானுக்கும் எனக்கும் வாக்குவாதம் முற்றிவிட்டது. பக்கத்து நாடுகளையெல்லாம் சேர்த்து ஒரே சந்தையாக்கப் போகிறார்கள், அடுத்து ஐரோப்பா மாதிரி ஒரே பணம் வரும், அப்புறம் டெல்லிக்கே அதிகாரம் இருக்காது, சென்னையில் இருக்கிற சட்டசபை எந்த மூலைக்கு என்று அவன் அடித்துப் பேசுகிறான். யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டுப் பேசாதே என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

காரணம் 2019. ஆர்சிஇபி என்ற பெரிய வட்டார வர்த்தக ஒப்பந்தத்தில் இந்தியா சேரப் போகிறது, நியூசிலாந்து பால் பவுடர் வந்து இறங்கினால் லிட்டருக்கு என்ன விலை கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்று எங்கள் ஊரில் அப்போது பெரிய பயம். அந்த ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி பாங்காக்கில் பிரதமர் இந்தியா சேரவில்லை என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. ஆனால் இப்போது யோசித்தால் வேறு ஒன்று உறுத்துகிறது. வேண்டாம் என்று முடிவெடுத்தது டெல்லி. வேண்டும் என்றிருந்தாலும் அதே டெல்லிதான் முடிவெடுத்திருக்கும். விவசாயமும் கால்நடையும் மாநிலத்தின் கையில் இருக்கும் விஷயங்கள் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? அப்படியென்றால் எங்களையோ எங்கள் சட்டசபையையோ கேட்காமல் ஒரு வெளிநாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியுமா? போட்டால் நம் சட்டம் செல்லுமா, அந்த ஒப்பந்தம் செல்லுமா? மச்சான் சொல்வதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கதை?

போடி மிளகு எழுதியது:

தம்பி, பால்காரர்கள் தப்பித்தீர்கள். நாங்கள் தப்பிக்கவில்லை.

எங்களுக்குப் போடிமெட்டுக்கு மேலே தோட்டம். ஏலக்காய்தான் பிரதானம், மரத்துக்கு மரம் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறோம். 2015, 16 வாக்கில் மிளகு கிலோ 700 ரூபாய் வரை விற்றது. அந்த விலையை நம்பி அப்பா கூடுதலாகக் கொடி வைத்தார். கொடி காய்ப்புக்கு வரும் நேரத்தில் விலை 400க்குக் கீழே போய்விட்டது.

ஏன் என்று விசாரித்தபோதுதான் இந்த ஒப்பந்தங்களின் பெயரையே கேள்விப்பட்டேன். மிளகுக்குப் பொதுவான இறக்குமதி வரி 70 சதவீதம். அதைக் கேட்டால் நமக்கு நல்ல பாதுகாப்பு இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் இலங்கையோடு 1998இல் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு 2,500 டன் மிளகு வரியே இல்லாமல் வரலாம். அதற்கு மேல் வருவது சாஃப்டா என்கிற தெற்காசிய ஒப்பந்தத்தின்படி வெறும் 8 சதவீத வரியில் வரலாம். வியட்நாம் மிளகு இலங்கைச் சான்றிதழோடு அந்த வழியில் நுழைகிறது என்பது விவசாயிகள் சங்கங்கள் பல காலமாகச் சொல்லும் புகார். கடைசியில் 2017 டிசம்பரில், கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் மிளகு இறக்குமதி செய்யக் கூடாது என்று மத்திய அரசு ஒரு வரம்பு போட்டது. அதற்குப் பிறகும் எங்கள் விலை இறங்கிக்கொண்டுதான் போனது.

இலங்கை விவசாயி மேல் எனக்குக் கோபம் கிடையாது, அவனும் நம்மைப் போல் கொடி ஏறுகிறவன்தான். எனக்கு ஆறாத விஷயம் ஒன்றுதான். அந்த 2,500 டன் கணக்கை எழுதிய மேசையில் மிளகு பறித்த ஒரு ஆள்கூட உட்கார்ந்திருக்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் 2009இல் தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு ஆசியான் ஒப்பந்தம் வந்தபோது, அக்டோபர் 2ஆம் தேதி காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை கைகோத்து மனிதச் சங்கிலி நின்றார்கள். ஒரு மாநிலத்தின் ஆளுங்கட்சியே நடத்திய போராட்டம் அது. 2010 ஜனவரி 1 அன்று ஒப்பந்தம் அதுபாட்டுக்கு நடைமுறைக்கு வந்துவிட்டது. ரப்பரை விலக்குப் பட்டியலில் வைத்தார்கள், அது உண்மை. ஆனால் மாநில அரசே தெருவில் நின்றால்தான் காது கொடுப்பார்கள் என்றால், நாமெல்லாம் எங்கே போய் நிற்பது?

கீழமாசி வீதி எழுதியது:

நான் மூன்று தலைமுறையாகப் பருப்பு, எண்ணெய் வியாபாரம் செய்யும் குடும்பம். மேலே எழுதிய போடி அண்ணன் மனவருத்தம் புரிகிறது, ஆனால் எல்லாப் பழியையும் ஒப்பந்தத்தின் மேல் போடுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

மதுரையில் இருக்கிற அத்தனை இட்லிக் கடைகளும் உளுந்தை நம்பி இருக்கின்றன. அந்த உளுந்தில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வருகிறது. சில ஆண்டுகளாக வரியில்லாமல்தான் வருகிறது. துவரம்பருப்பு மொசாம்பிக்கிலிருந்து வருகிறது. இதை நிறுத்திப் பாருங்கள், வடைக்கு என்ன விலை சொல்வார்கள் என்று. மல்லிகைப் பூவையும் நினைத்துக்கொள்ளுங்கள், மாட்டுத்தாவணியில் விடிவதற்குள் கட்டி விமானத்தில் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போகிறது. அவர்கள் கதவைத் திறந்துவைத்தால்தானே நம் பூ போகும்.

என்னைக் கேட்டால் ஒப்பந்தம் ஒரு விதத்தில் நிம்மதி. வரி இவ்வளவு, இந்த ஆண்டு இவ்வளவு குறையும் என்று எழுத்தில் இருக்கும், சரக்கு எடுக்கும்போது கணக்குப் போட்டுக்கொள்ளலாம். என் தொழிலை ஆட்டியது டெல்லி ராத்திரியோடு ராத்திரியாகப் போடும் அறிவிக்கைகள்தான். 2024 செப்டம்பர் 14 அன்று கச்சா பாமாயிலுக்கு அடிப்படை வரி பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமாக ஏறியது. 2025 மே 30 அன்று அதே வரி 10 ஆகக் குறைந்தது. கூடுதல் விலைக்குச் சரக்கு எடுத்துவைத்தவன் என்ன ஆவான்? 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்கு ஒரே நாளில் தடை போட்டார்கள். இவற்றில் எந்த வெளிநாடும் நம் கையை முறுக்கவில்லை. எல்லாம் நம்முடைய சொந்த இறையாண்மைதான்.

மாநில உரிமை என்று பேசினால், உள்நாட்டிலேயே நடந்ததைப் பேசுங்கள். ஜிஎஸ்டியும் ஒரு பொருளாதார ஒருங்கிணைப்புதானே? வியாபாரியாக எனக்கு அதனால் நன்மைதான். முன்பு கேரளாவுக்குப் பருப்பு ஏற்றினால் குமுளி செக்போஸ்ட்டில் லாரி மணிக்கணக்கில் நிற்கும், டிரைவர் போன் மேல் போன் போடுவார். 2017 ஜூலை 1க்குப் பிறகு அந்த வரிச் சோதனைச் சாவடிகள் போய்விட்டன. ஆனால் அதற்கு மாநிலம் கொடுத்த விலை என்ன? விற்பனை வரி விகிதத்தைத் தானே முடிவு செய்யும் அதிகாரம். ஜிஎஸ்டி கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று வேண்டும். கூட்டிக் கழித்துப் பாருங்கள். எல்லா மாநிலங்களும் ஒன்றாகக் கை தூக்கினாலும் டெல்லி தலையசைக்காமல் ஒன்றும் நடக்காது. சிக்கிமுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே எடைதான். இதற்குத்தான் தம்பி தூக்கம் கெட வேண்டும்.

ஒத்தக்கடை வக்கீல் எழுதியது:

கேள்வி கேட்டவருக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். நான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்காடுகிறேன்.

கையெழுத்துப் போட முடியுமா என்றால், முடியும். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உண்டு. விவசாயம், கால்நடை, தண்ணீர், மீன்வளம் எல்லாம் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன, நீங்கள் படித்தது சரி. ஆனால் வெளிநாட்டோடு ஒப்பந்தம் செய்வதும், வெளிநாட்டு வர்த்தகமும் ஒன்றியப் பட்டியலில் இருக்கின்றன. அதற்கு மேல் 253ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒரு சர்வதேச ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்காக என்றால் நாடாளுமன்றம் எந்தப் பொருளைப் பற்றியும் சட்டம் போடலாம், அது மாநிலப் பட்டியலில் இருந்தாலும் சரி. சட்டமன்றத்தின் சம்மதம் தேவையில்லை. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: சட்டம் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்றால், ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல்கூடக் கட்டாயமில்லை. அமைச்சரவை முடிவெடுத்தால் போதும். கச்சத்தீவை 1974இல் கொடுத்தது இந்த வழியில்தான். அதன் விளைவை ராமேஸ்வரத்து மீனவர்கள் இன்றும் அனுபவிக்கிறார்கள், தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2025 ஏப்ரலில்கூட அதை மீட்கச் சொல்லித் தீர்மானம் போட்டது.

ஒரே பணம் வரும், டெல்லி காணாமல் போகும் என்று உங்கள் மச்சான் சொல்வது கதை. தெற்காசிய நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் வர்த்தகம் அவற்றின் மொத்த வர்த்தகத்தில் 5 சதவீதம் அளவுதான், பொது நாணயம் பற்றி யாரும் பேச்சு வார்த்தையே நடத்தவில்லை. அமெரிக்காவிலும் இதே பயம் வந்தது. 2005 மார்ச்சில் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ தலைவர்கள் டெக்சாஸில் கூடிப் பாதுகாப்பு, வளம் என்று ஒரு கூட்டுத் திட்டம் அறிவித்தார்கள். உடனே மூன்று நாட்டையும் ஒன்றாக்கப் போகிறார்கள், டாலர் போய் ‘அமெரோ’ என்று புது நாணயம் வரும் என்று வதந்தி கிளம்பி, அங்கே சில மாநிலச் சட்டமன்றங்களே எதிர்த்துத் தீர்மானம் போட்டன. அந்தத் திட்டம் 2009இல் முடிந்தே போனது. நாணயமும் வரவில்லை, ஒன்றியமும் வரவில்லை.

ஆனால் வதந்தி பொய் என்பதால் பயத்துக்கே அடிப்படை இல்லை என்று சொல்லிவிட முடியாது. நம் தமிழ்நாட்டு உதாரணமே இருக்கிறது. 2008இல் ஒரகடத்தில் கார் ஆலை அமைக்க நிசான் நிறுவனத்தோடு தமிழ்நாடு அரசு உடன்பாடு செய்தது. மாநிலம் தர வேண்டிய சலுகைத் தொகை வரவில்லை என்று அந்த நிறுவனம் வழக்குத் தொடுத்தபோது, சென்னை நீதிமன்றத்துக்குப் போகவில்லை. இந்தியா ஜப்பான் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தைக் காட்டி, இந்திய அரசின் மேலேயே சர்வதேச நடுவர் மன்றத்தில் 5,000 கோடி ரூபாய் கேட்டார்கள். 2020இல் சமரசமாக முடிந்தது. வாக்கு கொடுத்தது மாநிலம், பதில் சொல்லப் போனது ஒன்றியம். இப்படி ஒன்று இரண்டு நடந்தால், அடுத்த முறை மாநிலம் எதைச் செய்தாலும் முதலில் என்னைக் கேள் என்று டெல்லி சொல்லும். கனடாவில் அப்படித்தான் ஆனது. நியூஃபவுண்ட்லாந்து மாகாணம் 2008இல் ஒரு காகித நிறுவனத்தின் சொத்துகளைக் கையகப்படுத்தியது, அமெரிக்கா, கனடா, மெக்சிகோ செய்துகொண்ட நாஃப்டா வர்த்தக ஒப்பந்தப்படி கனடா அரசு 13 கோடி கனடிய டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது, இனிமேல் இப்படி நடந்தால் மாகாணத்திடமே வசூலிப்போம் என்று அன்றைய பிரதமர் சொன்னார். உரிமை போவது என்றால் எல்லையில் வேறு நாட்டுக் கொடி ஏறுவது இல்லை. இப்படிச் செலவுக் கணக்கு வழியாகத்தான் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

கீழமாசி ஐயா சொன்ன ஜிஎஸ்டி கணக்கு சரி. ஆனால் அதில் மாநிலத்துக்கு ஒரு நாற்காலியாவது இருக்கிறது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், கவுன்சிலின் பரிந்துரை மாநிலங்களைக் கட்டாயமாகக் கட்டுப்படுத்தாது என்றும் சொல்லியிருக்கிறது. வெளிநாட்டு ஒப்பந்தத்தில் அந்த நாற்காலியே கிடையாது.

மேலூர் டீச்சர் எழுதியது:

வக்கீல் சார் கரையும் என்று சொன்னதைப் படித்ததும் எனக்கு அரிட்டாபட்டிதான் நினைவுக்கு வந்தது.

2024 நவம்பரில் எங்கள் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்தை ஏலம் விட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. மலை, குடைவரைக் கோயில், சமணப் படுகை, கண்மாய் எல்லாம் இருக்கிற இடம், 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று மேலூரிலிருந்து மதுரைக்கு மக்கள் நடந்தும் வண்டியிலுமாகக் கிளம்பினார்கள். நானும் போனேன், என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள், பாட்டிகள் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். அந்த மாதம் 23ஆம் தேதி ஏலத்தை ரத்து செய்தார்கள். அந்த நாளை நாங்கள் மறக்க மாட்டோம்.

இப்போது மெக்சிகோவில் நடந்ததைக் கேளுங்கள். குவாதல்காசர் என்று ஒரு சின்ன நகராட்சி. அமெரிக்கக் கம்பெனி ஒன்று அங்கே நச்சுக் கழிவு கொட்டும் கிடங்கு கட்டியது. மத்திய அரசு அனுமதி கொடுத்துவிட்டது. ஊர் மக்கள் எதிர்த்தார்கள், நகராட்சி கட்டட அனுமதி தர மறுத்தது, பிறகு மாநில ஆளுநர் அந்த இடத்தை இயற்கைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார். கம்பெனி நாஃப்டா நடுவர் மன்றத்துக்குப் போனது. 2000ஆம் ஆண்டில் தீர்ப்பு கம்பெனிக்குச் சாதகமாக வந்து, மெக்சிகோ சுமார் 1 கோடியே 60 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு ஊர் வேண்டாம் என்று சொன்னதற்கு விலை.

எங்கள் ஊர் ஏலத்தில் அப்படி ஒரு ஒப்பந்தம் குறுக்கே வரவில்லை. அதனால் எங்கள் குரல் டெல்லிவரை போய் ஒரு பதிலோடு திரும்பி வர முடிந்தது. நாளைக்கு ஒரு வட்டார ஒப்பந்தத்தின்படி உரிமை பெற்ற கம்பெனி அந்த இடத்தில் இருந்தால், இரண்டே மாதத்தில் ரத்து செய்ய எந்த அமைச்சர் துணிவார்? நஷ்ட ஈடு எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பார். என் பயம் அதுதான். கீழமாசி ஐயா, பர்மா உளுந்து வரட்டும், எனக்கும் இட்லி வேண்டும். சரக்கு வருவதற்கு வழிவிடும் அதே காகிதத்தில், எங்கள் கண்மாயைப் பற்றி வேறு எங்கேயோ உட்கார்ந்திருக்கும் மூன்று நடுவர்கள் முடிவு செய்யலாம் என்று எதற்கு ஒரு பத்தி சேர்க்க வேண்டும்?

ஒத்தக்கடை வக்கீல் எழுதியது:

டீச்சர், உங்கள் பயம் நியாயம், ஒரு திருத்தம் மட்டும். இந்தியா இதில் சும்மா இருக்கவில்லை. 2015 டிசம்பரில் வெளிநாட்டு முதலீட்டு ஒப்பந்தங்களுக்கு ஒரு புது மாதிரி வரைவை வெளியிட்டு, கம்பெனி முதலில் 5 ஆண்டு நம் நாட்டு நீதிமன்றங்களில் முயன்று பார்த்த பிறகே சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று வைத்தார்கள். பழைய ஒப்பந்தங்கள் பலவற்றை முடித்துக்கொண்டார்கள். ஆனால் 2024இல் ஐக்கிய அரபு அமீரகத்தோடு செய்த ஒப்பந்தத்தில் அந்த 5 ஆண்டு 3 ஆகிவிட்டது. ஒவ்வொரு பேச்சு வார்த்தையிலும் இந்தக் கயிறு இழுபடும், அதனால் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மாநிலம் என்ன செய்ய முடியும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பெல்ஜியம். அங்கே வலோனியா என்று ஒரு பிரதேசம், மக்கள் தொகை சுமார் 36 லட்சம், நம் மதுரை மாவட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் கனடாவோடு ஒப்பந்தத்துக்குத் தயாராக இருந்தபோது, 2016 அக்டோபரில் அந்தப் பிரதேச நாடாளுமன்றம் முடியாது என்றது. அவர்களுடைய அரசமைப்பில் பிரதேசத்தின் சம்மதம் இல்லாமல் பெல்ஜியம் கையெழுத்துப் போட முடியாது. கையெழுத்து விழாவே தள்ளிப்போனது. விவசாயத்துக்கும் நடுவர் மன்றத்துக்கும் சில உறுதிமொழிகள் எழுதி வாங்கிய பிறகு, அக்டோபர் 30 அன்று கையெழுத்தானது. கனடா பக்கத்தில் மாகாணங்களும் பேச்சு வார்த்தையில் பங்கெடுத்தன. அரசுக் கொள்முதல் மாகாணங்களின் கையில் இருந்ததால் ஐரோப்பாவே அப்படிக் கேட்டது. அந்த ஒப்பந்தம் இவர்களால் செத்துப்போகவில்லை.

இங்கே மத்திய, மாநில உறவுகளை ஆராய்ந்த புஞ்சி ஆணையம் 2010இல் கொடுத்த அறிக்கையில், மாநிலப் பட்டியலைத் தொடும் ஒப்பந்தங்களில் மாநிலங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஒப்பந்தம் செய்யும் முறைக்கே ஒரு சட்டம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அந்தச் சட்டம் இன்றுவரை வரவில்லை.

கீழமாசி வீதி எழுதியது:

டீச்சர் கேட்ட கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சரக்கு வேறு, கண்மாய் வேறு, ஒத்துக்கொள்கிறேன். மாநிலத்தைக் கேட்டுவிட்டுப் போடட்டும் என்பதிலும் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் மாநிலம் என்றால் விளைவிக்கிறவர் மட்டும் என்று ஆகிவிடக் கூடாது. வாங்கிச் சாப்பிடுகிறவரையும் கேளுங்கள்.

அப்புறம் இலங்கையைப் பற்றி ஒன்று. எட்கா என்று நம்மோடு விரிவான ஒப்பந்தம் போடப் பேச்சு வந்தபோது, அங்கே அரச மருத்துவ அதிகாரிகள் சங்கமே எதிர்த்து நின்றது, இந்தியாக்காரர்கள் வந்து நம் வேலையை எல்லாம் எடுத்துக்கொள்வார்கள் என்று. போடி அண்ணன் அவர்களைப் பார்த்துப் பயப்படுகிறார், அவர்கள் நம்மைப் பார்த்து அதைவிட அதிகமாகப் பயப்படுகிறார்கள்.

போடி மிளகு எழுதியது:

ஐயா சொல்வது சரி, அங்கேயும் யாரையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

உசிலம்பட்டி கறவை எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. மச்சானுக்கு இந்தப் பக்கத்தை அப்படியே அனுப்பிவிட்டேன். ஒரே பணம் வராது என்று அவன் ஒத்துக்கொண்டான், நானும் 253ஆவது பிரிவைப் படித்த பிறகு அவனிடம் அன்றைக்கு அவ்வளவு கடுமையாகப் பேசியிருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

மாதாமாதம் கலெக்டர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கும். பால், பயறு, மிளகு இவற்றைத் தொடும் எந்த ஒப்பந்தமாக இருந்தாலும் கையெழுத்துக்கு முன்னால் அதன் வரைவைச் சட்டமன்றத்தில் வைக்கச் சொல்லி அங்கே மனு கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். அதனால் ஏதாவது பயன் உண்டா, வக்கீல் சார்?

ஒத்தக்கடை வக்கீல் எழுதியது:

கலெக்டரால் இதில் முடிவெடுக்க முடியாது, ஆனால் மனு பதிவாகும், கொடுங்கள். அதே மனுவை உங்கள் எம்எல்ஏவுக்கும் எம்பிக்கும் ஒரு பிரதி கொடுங்கள். நாடாளுமன்றத்தில் வர்த்தகத் துறைக்கு ஒரு நிலைக்குழு இருக்கிறது, அதற்கும் ஒன்று அனுப்புங்கள். ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில் பாலைச் சேர்க்காமல் விட்டார்கள் என்பதை அதில் எழுதுங்கள், முன்னுதாரணம் இருக்கிறது என்று தெரியட்டும். எத்தனை மாடு, எத்தனை லிட்டர் ஊற்றுகிறீர்கள், தீவனத்துக்கும் புண்ணாக்குக்கும் என்ன செலவு, கையில் என்ன நிற்கிறது என்று உங்கள் சொந்தக் கணக்கை அப்படியே போடுங்கள். பெரிய வார்த்தைகள் வேண்டாம்.

உசிலம்பட்டி கறவை எழுதியது:

சரி சார். சாயங்காலம் பால் ஊற்றிவிட்டு வந்து எழுத ஆரம்பிக்கிறேன். எங்கள் சொசைட்டியில் இன்னும் சிலரிடம் கணக்குக் கேட்டு வாங்கிச் சேர்க்கிறேன், போடி அண்ணன் மிளகுக் கணக்கு அனுப்பினால் அதையும் வைக்கிறேன். முதல் வரைவை இங்கேயே போடுகிறேன், திருத்திக் கொடுங்கள்.